நடுவர் காதில் நல்லெண்ணெய்

குக்கர் வைக்காமலேயே எங்கள் வீட்டில் விசில் வந்தது.

சமீபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நடந்த கூத்து இது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலையைத் துவட்டியபடி கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். 'ஙொய்ய்ய்…' என்று ஒரு சத்தம். வீட்டுக்காரர் பதறிப்போய் அடுப்படிக்கு ஓடினார். அடுப்பில் ஒன்றுமில்லை. திரும்பி வந்து என் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"மாலா… உன் காதுலேருந்துதான் வருது!"

ஆமாம். என் காதிலிருந்துதான். எனக்குக் காது மந்தம் என்று இந்தப் பக்கத்தில் நான் இதுவரை எழுதியதில்லை. எழுதுவானேன்? உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் எனக்கு வயசு குறைவு என்று ஓர் அற்ப சந்தோஷம்தான். ஹியரிங் எய்ட் வாங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. சனியன், சும்மா இருந்தாலும் பரவாயில்லை. விசில் அல்லவா அடிக்கிறது!

மற்ற நேரமாக இருந்தால் கழற்றி பீரோவுக்குள் போட்டிருப்பேன். ஆனால், அடுத்த வாரம் குரும்பலூர் கோயில் திருவிழாவில் பட்டிமன்றம். நான்தான் நடுவர்.

அந்த நாற்காலி என்றால் எனக்கு உயிர். ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால், சில மாதங்களுக்கு முன் அரியலூரில் நடந்த ஒரு பட்டிமன்றத்தில் மானம் போயிற்று. பேச்சாளர் ஏதோ ஜோக் அடித்தார். கூட்டம் மொத்தமும் விழுந்து விழுந்து சிரிக்கிறது… நான் மட்டும் பிடித்து வைத்த பிள்ளையார் போல உட்கார்ந்திருக்கிறேன். "நடுவரம்மாவுக்கு நம்ம மேல கோவம் போலருக்கு" என்று அவர் மைக்கிலேயே சொல்ல, கூட்டம் இன்னும் சிரித்தது. அது மட்டும் எப்படியோ கேட்டுத் தொலைத்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். அதற்குப் பிறகுதான் மிஷின் வாங்கினேன். குரும்பலூரிலும் சொதப்பினால் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவும் எடுத்திருந்தேன்.

இந்த நிலைமையில் விசில் வந்தால் கோபம் வருமா, வராதா?

சனிக்கிழமை காலையிலேயே ஸ்கூட்டரில் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு, பெரம்பலூர் டவுனில் மிஷின் வாங்கிய கிளினிக்குக்குப் போய் இறங்கினேன். அங்கே நஸ்ரின் என்றொரு பெண். லப்பைக்குடிக்காட்டுக்காரி, காது கேட்கும் அளவைப் பரிசோதித்து மிஷின் பொருத்துவதற்கென்றே படித்தவள். அவளிடம் ஒரு பாட்டம் கத்தினேன். வாரம் முழுக்க ஒழுங்காக இருக்கிறது, வெள்ளியும் சனியும் வந்தால் லேசாக முனகுகிறது, நேற்று விசிலே அடித்துவிட்டது, இதென்ன மிஷினா, சாமியாடியா என்று கேட்டேன்.

அவள் சிரித்துக்கொண்டே லைட் அடித்து என் காதுக்குள் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"யா அல்லாஹ்! அம்மா, காதுல என்னத்தம்மா தாளிச்சு வச்சிருக்கீங்க?"

நான் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

தோள்பட்டை வலி வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவது அவர்தான். மனுஷர் அதோடு நிற்கவில்லை. நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டு வெதுவெதுப்பாகக் காய்ச்சி, ரெண்டு காதிலும் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறார். நானும் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"மிஷின் மாட்டி மாட்டி அரிக்குதுன்னு நீதானே சொன்ன? சூடுன்னு நெனச்சேன்…" என்றார் பரிதாபமாக.

காதுக்குள் நுழைகிற முனையில் குட்டிக் குடை மாதிரி ஒரு சிலிக்கோன் டிப் இருக்குமே, விஷயம் அதில்தான் இருக்கிறதாம். எண்ணெய் பட்டதும் அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. இடைவெளி வழியாகச் சத்தம் கசிந்து, மறுபடி மிஷினின் மைக்குக்குள்ளேயே போகிறது. மேடையில் ஸ்பீக்கர் பாக்ஸ் முன்னால் மைக்கை நீட்டினால் கிறீச்சிடுமே, அதே கதைதான்! எத்தனை மைக் செட்காரர்களை இதற்காகத் திட்டியிருப்பேன்…

"இன்னொண்ணும் இருக்கும்மா" என்றாள் நஸ்ரின். "கண்ணுக்கே தெரியக் கூடாதுன்னு இருக்கறதுலயே சின்ன டிப்பா கேட்டு வாங்குனீங்க. அன்னைக்கே வேணாம்னு சொன்னேன்ல?"

சொன்னாள்தான். யார் கேட்டது?

டாக்டரிடம் காட்டிக் காதைச் சுத்தம் செய்துகொண்டு இரண்டு நாள் கழித்து வரச் சொன்னாள். போனேன். ஒவ்வொரு டிப்பாக மாட்டி, "சிரிங்க, மெல்லுற மாதிரி வாயை அசைங்க, தலையைத் திருப்புங்க" என்றாள். நழுவவும் கூடாது, வலிக்கவும் கூடாதாம். கடைசியில் வலது காதுக்கு நடு சைஸ், இடது காதுக்குப் பெரியது! ஒரே தலையில் இருந்துகொண்டு இதுகளுக்குள் என்ன பேதமோ!

தினமும் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். டிப்பை மட்டும் தனியே கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசலாம். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். மஞ்சள் பூத்தாலோ, விறைத்துப்போனாலோ மாற்றிவிட வேண்டும். அரித்தால் டாக்டரிடம் போக வேண்டும். ஹேர்பின் விட்டுக் குடையக் கூடாது. அப்புறம், வீட்டுக்காரரைப் பார்த்து, தன் அப்பாவைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டு, கறாராகச் சொன்னாள்.

"அத்தா, எண்ணெய்லாம் தலையோட நிறுத்திக்குங்க."

அடுத்த வெள்ளிக்கிழமையும் எண்ணெய் வைத்தார். உச்சந்தலை, பிடரி எல்லாம் ஆயிற்று. காதுப் பக்கம் கை வந்ததும் சட்டென்று நின்றது. எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசுக்கு ஒரு மாதிரியும் இருந்தது. ஆசையாகச் செய்த கைவைத்தியத்தை மனுஷர் வாய் திறக்காமல் விட்டுவிட்டார். விட்டதோடு, இப்போது தினமும் காலையில் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற கையோடு என் டிப்புகளையும் துடைத்து வைக்கிறார். அவர் காபி அதுபாட்டுக்கு ஆறிக் கிடக்கிறது.

குரும்பலூருக்கு வருவோம். தலைப்பு என்ன தெரியுமா? 'குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது கணவனா, மனைவியா?' மேடை ஏறும்போது ரெண்டு காதையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். முதல் பேச்சாளர் தன் மாமியார் வீட்டு இட்லியைப் பற்றி ஒரு ஜோக் சொன்னார். கூட்டம் சிரித்தது. கூடவே… நானும் சிரித்தேன்! அதே நொடியில்! அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? கண்ணில் நீரே வந்துவிட்டது. ஜோக்குக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். விசில் ஒரு தடவைகூட வரவில்லை.

கடைசியில் தீர்ப்பு. முன்வரிசையில் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறிப்போன அந்தக் காபி ஞாபகம் வந்தது. மைக்கைப் பிடித்தேன். எப்போதும் மனைவிமார் பக்கமே தீர்ப்புச் சொல்கிற நான், முதல்முறையாகக் கணவன்மார் பக்கம் சொன்னேன்.

பெண்கள் பக்கமிருந்து ஓர் 'ஊஊஊ' கிளம்பியது பாருங்கள்… ரெண்டு காதிலும் அவ்வளவு தெளிவாகக் கேட்டது!