பினாங்குக்கு ஒரு டீசல் டாங்கி

எங்கள் அக்கா ஜப்பான்காரன் சண்டைக்கு முன்பே கல்யாணமாகிப் பினாங்குக்குப் போனவள். சண்டை முடிந்த பிறகு, கப்பல்காரர்கள் மூலம்தான் சேதி வந்தது: புருஷன் செத்துவிட்டார், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த ஊர்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இட்லிக்கடை போட்டிருக்கிறாள். டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கிற நிலையில் நாங்கள் இல்லை.

அப்போது நான் ராயபுரத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். துறைமுகத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர் தன் பாய்மரப் படகை எங்களிடம் கொண்டுவந்தார். பல வருஷம் எங்களோடு பழகியதில் எங்கள் பேச்சு அவருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. காற்று விழுந்துபோனால் ஓட்டுவதற்கு அந்தப் படகில் சின்ன டீசல் இன்ஜின் ஒன்று உண்டு. ஆனால் டாங்கி சிறியது. நடுக்கடலில் காற்று நின்றால் பாதி வழிகூடத் தாங்காது. இன்னொரு டாங்கி வேண்டும் என்றார்.

"எங்க தொர போறீங்க?"

"பினாங்கு. தனியாத்தான். நீ வர்றியா? இன்ஜினைப் பாத்துக்க ஆள் வேணும். பேப்பரெல்லாம் நான் வாங்கித் தரேன்."

அன்று வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்றே தெரியாது. அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"இன்னாடா சொல்றே, நெசமாவா? அவளைப் பாத்தா, அம்மா இன்னும் உசுரோடதான் கீதுன்னு சொல்லு."

மறுநாள் அட்டை வெட்டி அளவு பார்க்கப் படகுக்குள் இறங்கினேன். கீழே எங்கேயும் இடமில்லை. இருந்த ஒரே இடம், நான் படுத்துப் போக வேண்டிய இரண்டாவது படுக்கை. அதைப் பெயர்த்தால் டாங்கி அழகாக உட்காரும். எதிர்ப்பக்கம் தண்ணீர்த்தொட்டி இருந்ததால் எடையும் சரியாக நிற்கும். அவரும் நானும் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டெக்குல பீப்பாயா கட்டிக்கலாமே தொர," என்றேன்.

"பெரிய அலை வந்தா அத்துக்கினு போயிடும். மேல எடை ஏறினா படகே சாயும்."

"நான் தரையில படுத்துக்கிறேன்."

அவர் தண்ணீர்த்தொட்டியைத் தட்டிக் காட்டினார். "படுக்கலாம். ஆனா உனக்கான தண்ணிப் பீப்பாயை அந்தப் படுக்கைக்குக் கீழதானே வெக்க இருந்தேன், இனிமே அதுக்கு எடம் ஏது? அந்தத் தொட்டி ஒரு ஆளுக்கே சரியாகீது. உன்னைக் கூட்டிக்கினு போய்க் கடல்ல தவிக்க வுடமாட்டேன்."

படுக்கையை நானே கழற்றினேன். தகடு வெட்டி, எண்ணெய் உள்ளே குலுங்காமல் இருக்கத் தடுப்புகள் வைத்து, மூலை மூலையாக வெல்டிங் போட்டேன். காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. சந்தோஷமாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. ஒழுகியிருந்தால் இன்னும் இரண்டு நாள் படகு இங்கேயே நின்றிருக்கும் அல்லவா?

அம்மா ஒரு புடவையும் நெத்திலிக் கருவாடும் மூட்டை கட்டிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். அக்கா கடை எங்கே இருக்கிறது என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பாய் கண்ணுக்கு மறையும்வரை துறைமுகச் சுவரில் நின்றேன்.

சில மாதங்கள் கழித்து, பினாங்கிலிருந்து வந்த ஒரு கப்பலின் மாலுமி, எங்கள் தெருக்காரன்தான், வீடு தேடி வந்தான். அந்த வெள்ளைக்காரரை அங்கே ஒரு டீக்கடையில் பார்த்துப் பேசினானாம்.

"தொர பத்திரமாப் போய்ச் சேந்துட்டாரு. உங்கக்கா படகுல ஏறி, 'எந்தம்பி பண்ணது எது'ன்னு கேட்டாங்களாம். டாங்கி மேல கைய வெச்சிகினு ரொம்ப நேரம் அப்படியே குந்திகினு இருந்தாங்களாம். டீசல் வாசனைன்னுகூடப் பாக்கலையாம்."

அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இளைச்சிட்டாளா?"

அவன் அக்காவைப் பார்க்கவே இல்லை. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். என்னை ஒருமுறை பார்த்தான்.

"இல்லம்மா. நல்லா குண்டா, கலகலன்னு கீறாங்க."

அம்மா அவனை விடவில்லை. சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, முடி நரைத்திருக்கிறதா, பிள்ளைகள் யார் ஜாடை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே சாப்பிட்டான்.