மணப்பெண் மாற்றிய பேட்டரி

அம்சவள்ளி கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். படிப்பை முடித்த கையோடு ரவாங்கில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்து, விடியுமுன் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் ஏழு வருஷம் போய் வந்தாள். ரிமோட்டுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகைக்கு ஈயம் பற்றவைக்கும் வேலை. தோட்டத்தில் எந்த ரேடியோவுக்குத் தொண்டை கட்டினாலும் அவளிடம்தான் வரும். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர்.

நிச்சயமான மாப்பிள்ளை தனபாலனுக்கு வீடு ரவாங்கிலேயே. தொழிற்சாலைக்கு நடந்தே போகலாம். தூக்கம் கலையாத கண்ணோடு பஸ் ஏறியவள், கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்றுதான் நினைத்தாள். ஆனால் வரப்போகும் மாமியார் சின்னத்தாய் ஒரே போடாகப் போட்டாள்.

“எங்க வூட்டு மருமவ வேலைக்கிப் போவக்கூடாது.”

அம்சவள்ளியின் அம்மா பூம்பூம் மாடாய்த் தலையாட்டினாள். தனபாலனும் தன் அம்மாவுக்கே ஒத்து ஊதினான். அம்சவள்ளி ராஜினாமாக் கடிதத்தை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் கிழித்தாள். கடைசியில் இரண்டு வாரம் லீவு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, வேலையை விட்டாயிற்று என்று வீட்டில் புளுகிவிட்டாள். லீவு முடிவதற்குள் ஏதாவது நடக்காதா என்ற நப்பாசைதான்.

அது எண்பத்தொன்பதாம் வருஷம். கல்யாணத்தன்று பெண்ணழைக்கச் சின்னத்தாயே புதுக் காரில் வந்து இறங்கினாள். ரிமோட்டை அமுக்கினால் ‘கீ’ என்று கத்திப் பூட்டிக்கொள்ளும் அலாரம் வைத்த கார். திரும்ப அமுக்கினால்தான் என்ஜின் கிளம்பும். தோட்டத்துக்கு அது புது அதிசயம். காரோட்டி வந்த இராமையா, சின்னத்தாயின் தம்பி, கூட்டத்தைக் கண்ட குஷியில் நாலு தடவை பூட்டித் திறந்து காட்டினார். ஐந்தாம் தடவை கார் திறக்கவில்லை. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தால் ஊரைக் கூட்டி அலறியது.

“ரிமோட்டு பேட்டரி செத்துப் போச்சுலா,” என்றார்.

மோட்டார் சைக்கிளில் ஆள் பறந்துபோய் டவுனிலிருந்து புது பேட்டரி வாங்கி வந்தான். இராமையா அதைப் போட்டார், ஒன்றுமில்லை. திருப்பிப் போட்டார், அதற்கும் மசியவில்லை. மணி ஒன்பதே முக்கால். பத்தரைக்குள் தாலி ஏற வேண்டும். கோயிலோ ஆறு கட்டை தூரம், ஆறு மைலுக்குக் குறையாது. வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர், தோட்டத்து லோரியைத் தருகிறேன் என்றார்.

“எம் மருமவ லோரியில வந்து எறங்குறதா?” சின்னத்தாய் முறைத்த முறைப்பில் மண்டோர் தள்ளி நின்றுகொண்டார்.

அப்போது உள்ளேயிருந்து மணப்பெண்ணின் குரல் வந்தது. “அத்த, அத இங்க குடுங்க, பாப்போம்.”

குனிந்த தலை நிமிராமல் இருக்க வேண்டியவள் ரிப்பேருக்கு உட்கார்ந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? ஆனால் கடிகாரம் நிற்கவில்லையே. சின்னத்தாய் ரிமோட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அங்கிருந்த பெண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

அம்சவள்ளி கொண்டை ஊசியைப் பிடுங்கி ரிமோட்டைப் பிளந்தாள். பேட்டரியைத் தொட வேண்டிய, மூடியைத் திறந்தால் மட்டும் தெரியாத அடி ஸ்பிரிங்கில் சந்தனம் கட்டிதட்டிக் காய்ந்திருந்தது. மேலே கொஞ்சம் குங்குமம் வேறு.

கார் வந்த நாள் முதல் வெள்ளிக்கிழமைதோறும் பூசை போட்டவள் சின்னத்தாய். காருக்கு வைத்தாள், ஸ்டீரிங்குக்கு வைத்தாள், ரிமோட்டை மட்டும் விடுவாளா? இன்று காலையில் கல்யாணக் கார் என்று சந்தனத்தைத் தாராளமாகக் கரைத்து அப்பியிருந்தாள். அது இடுக்கு வழியே உள்ளே இறங்கிவிட்டது. பார்த்ததும் அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

அம்சவள்ளி பஞ்சை ஓடிகொலோன் வாசனைத் திரவியத்தில் நனைத்துத் துடைத்தாள். ஊசி முனையால் சுரண்டினாள். பேட்டரியைப் பொருத்தி, சன்னல் வழியே நீட்டி அமுக்கினாள். வாசலில் கார் ‘கீ’ என்றது.

“என்னாம்மா கோளாறு?” வெளியிலிருந்து இராமையா கேட்டார்.

சின்னத்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“பேட்டரி சரியா உக்காரல மாமா,” என்றாள் அம்சவள்ளி.

கார் தோட்டத்துச் செம்பனை மர வரிசைகளைத் தாண்டிப் பறந்தது. பின்சீட்டில் மாமியாரும் மருமகளும்.

“நெசமாவே வேலைய வுட்டுட்டியா?” சின்னத்தாய் தணிந்த குரலில் கேட்டாள்.

இனிப் புளுக அம்சவள்ளிக்கு மனமில்லை. “இல்ல அத்த. ரெண்டு வாரம் லீவுதான்.” சொல்லிவிட்டு விரல்களை இறுகப் பின்னிக்கொண்டாள்.

சின்னத்தாய் முன்னால் காரோட்டும் தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மருமகளின் காதருகே குனிந்தாள்.

“சரி, லீவு முடிஞ்சதும் போ. ஆனா வெள்ளிக்கெழம ராவுல அந்த ரிமோட்ட நீதான் தொடச்சி வெக்கணும்.”

அம்சவள்ளிக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. “அப்ப சந்தனம் வெக்கிறத விட மாட்டீங்களா அத்த?”

“நீ வேலைய வுட்டியா?” என்றாள் சின்னத்தாய். “நா மட்டும் ஏன் வுடணும்?”