அகல்யா வகுப்பை முடிக்கிறாள்

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் அகல்யா மடிக்கணினி முன் உட்காருகிறாள். அதன் கிறீச்சொலி ஹனோய் வரைக்கும் கேட்கிறதாம். செக்காலை ரோட்டைப் பார்த்த சன்னலும் சாத்தியாகிவிட்டது. காலை ஏழு மணிக்கே கழுத்தில் வியர்வை இறங்குகிறது. இடுப்புக்கு மேலே கஞ்சி போட்ட சேலை, குத்திய மடிப்பு. கேமராவுக்குத் தெரியாத இடத்தில், அதே சேலையை முழங்கால் வரை வழித்துக்கொண்டு, இரண்டு கால்களும் ஒரு வாளித் தண்ணீருக்குள்.

இருபத்துமூன்று வயது. பி.எட். இரண்டாம் ஆண்டு. நாச்சியாபுரத்தில் நெல்லும் கடலையும் போடுகிற வீடு. கூடப் படிப்பவர்கள் பயிற்சிக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளைக் கேட்டபோது, இவள் மட்டும் வியட்நாமில் ஒரு சர்வதேசப் பள்ளிக்கு விண்ணப்பித்தாள். முதல் மூன்று வகுப்புகள் இந்த அறையிலிருந்தே, திரை வழியாக. அங்குள்ள வழிகாட்டி ஆசிரியை ஒருவர் கவனித்து மதிப்பிடுவார். தேறினால் எட்டு வாரம் ஹனோயில், நேரில். தேறாவிட்டால் பக்கத்து ஊர்ப் பள்ளி.

வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் அவள் உதடு அசையும். ஐந்து வரை எண்ணுகிறாள். முதல் வகுப்பு முடிந்ததும், 'பதிலுக்குக் காத்திருக்கவும்' என்று ஆசிரியை எழுதியிருந்தார். அதற்கு முன் தன் கேள்விகளுக்குத் தானே பதில் சொல்லிவிடுகிற பழக்கம் இருந்தது.

இரண்டாம் வகுப்பில் வேறு தவறு. பாடம் முடிந்ததும் குழந்தைகளிடம், "ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொல்லித் திரையை அணைத்தாள். பிள்ளைகள் இடைவேளைக்கு ஓடினார்கள். லின் என்ற எட்டு வயதுப் பெண் மட்டும் எழவில்லை. மிஸ் வருகிறேன் என்றாரே என்று, இருண்ட திரை முன்னால் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். 'வகுப்பு முடிந்ததா என்பது குழந்தைக்குத் தெரியவில்லை. இந்த வகுப்பு ஏற்கப்படவில்லை' என்றது அறிக்கை. மீதமிருந்தது ஒன்று; அதுவும் ஏற்கப்படாவிட்டால் ஹனோய் இல்லை.

"ஒரு புள்ளையோட இன்டர்வெல்லத் தின்னுட்டியேடி" என்றாள் அறைத்தோழி சௌபர்ணிகா. "போறேன்னு ஒத்த வார்த்த. சொன்னா வாயி வெந்துருமா?"

"வெந்துரும். எங்க வீட்டுல செத்தவுகளத்தான் போயிட்டாகன்னு சொல்லுவாக. பச்சப்புள்ளைக முன்னாடி அதச் சொல்லச் சொல்றியா?"

"இங்கிலீசுலதான சொல்லப் போற. எமனுக்கு இங்கிலீசு தெரியாது."

"எல்லா ஊருக்கும் போற ஆளு. தெரியாமயா இருக்கும்?"

நான்கு நாள் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள். வகுப்பு முடிந்தது. நான் போகிறேன். இரண்டாவது வாக்கியம் வந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி.

வியாழக்கிழமை, மூன்றாம் வகுப்பு. பாடம், தண்ணீர் ஆவியாவது. ஈரத்துணியால் சிலேட்டைத் துடைத்துக் காட்டினாள். அது காய்வதற்கு எத்தனை நொடி என்று அங்கே பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள். ஆசிரியை கேமராவை அணைத்திருந்தார். திரையின் மூலையில் ஒரு கறுப்புச் சதுரம், அதில் அவர் பெயர்.

ஏழு முப்பத்தெட்டு. மடிக்கணினிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த சௌபர்ணிகா விரலால் கழுத்தை அறுத்துக் காட்டினாள். முடி என்று அர்த்தம்.

"வகுப்பு முடிந்தது" என்றாள் அகல்யா, ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. நிறுத்தினாள். "நான் போகிறேன்."

பிள்ளைகள் எழுந்தார்கள். லின் வெளியே போகாமல் திரைக்கு அருகில் வந்தாள்.

"போய்விட்டு வருவீர்களா, மிஸ்?" என்றாள் ஆங்கிலத்தில்.

சௌபர்ணிகா வேகமாகத் தலையாட்டினாள், வேண்டாம் என்று. அகல்யாவின் உதடு அசைந்தது. ஐந்தைத் தாண்டியும் அசைந்தது.

"எனக்குத் தெரியாது, லின்."

குழந்தை நகரவில்லை. வெளியேறும் சிவப்புப் பொத்தான் மேல் இருந்த விரலை அகல்யா எடுத்தாள். பதில் தெரிந்த ஆசிரியையின் கறுப்புச் சதுரத்தைப் பார்த்தபடி, சந்தேகம் கேட்கிற மாணவியைப் போல வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தினாள். இறக்கவில்லை.