பாதி காலியாக ஒரு டிரம்

கடல் மீன் வளர்க்கப் போகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "குழம்புக்கா?" என்பதுதான்.

அழகுக்கு என்றேன்.

"அழகுக்குன்னா பூ வாங்கி வைல. வாடுனாலும் நாத்தம் அடிக்காது."

அப்புறம் எப்படியோ சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு. தாராவியில் எங்கள் வீடு மாடி. கீழே மாமாவின் தோல்பைப் பட்டறை. மாமா என்றால் சொந்தமில்லை. எங்கள் ஜில்லாக்காரர், பாய். ஊர் வழக்கப்படி மாமா. எங்கள் வீட்டுத் தரை பலகை. அதன் இடுக்கில் ஒழுகி, மாமா வெட்டி வைத்திருக்கிற தோலில் ஒரு சொட்டு விழுந்தாலும் கறை. கறை பட்ட தோல் குப்பைக்குத்தான் போகும். "ஒரு சொட்டு கீழ போச்சு, ஒன் தொட்டி தெருவுக்குப் போயிரும்," என்று அம்மா சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அச்சில் வந்ததெல்லாம் எனக்கு வேதம். மாட்டுங்கா கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய வெளிநாட்டு மீன் பத்திரிகை இருந்தது. புதிதாகக் கடல் மீன் வளர்க்கிறவன் தொட்டிக்குக் கீழே ஒரு சம்ப், அதாவது தண்ணீரை வடிகட்ட இன்னொரு தொட்டி, வைக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. மேல் தொட்டித் தண்ணீர் ஓரத்துக் குழாய் வழியாக சம்ப்புக்கு வழியும். அங்கே ஸ்பாஞ்சையும் கிளிஞ்சலையும் தாண்டிச் சுத்தமாகி, மோட்டாரில் மறுபடி மேலே ஏறும். சம்ப்பைப் பாதிதான் நிரப்பலாம். கரண்டு போய் மோட்டார் நின்றால், மேலே இருக்கிற தண்ணீரில் கொஞ்சம் கீழே இறங்கி வரும்; அதற்கு இடம் வேண்டும். எங்களுக்கு அது ரொம்ப முக்கியம். மாமா பட்டறைக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே ஃபியூஸ். பட்டறையில் எல்லா மிஷினும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய்விடும்.

பத்திரிகையில் கண்ணாடிப் பெட்டி போட்டிருந்தார்கள். நான் அதற்கு மேலே யோசித்தேன். கண்ணாடி உடையும், பிளாஸ்டிக் உடையாது. கண்ணாடி வேண்டுமென்றால் அளவு கொடுத்துக் காத்திருக்க வேண்டும்; டிரம் என்றால் எங்கள் சந்து முனையிலேயே மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. மருந்து, சாயம் வந்த டிரம் ஆகாது என்று ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன்.

"க்யா பே, அத்தர் கடையா இது?" என்றார் டிரம் கடைக்காரர்.

கடைசியில் சர்பத் எசன்ஸ் வந்த குட்டையான நீல டிரம் ஒன்று கிடைத்தது. பலமுறை கழுவியும் லேசாக ரோஜா வாசம். மோட்டாருக்குக் கூலரில் போடுகிற சின்னது. கிராஃபோர்டு மார்க்கெட் மீன் கடையில் கடல் தண்ணீரைக் கேனில் வாங்கி லோக்கல் ரயிலில், லக்கேஜ் பெட்டியில், மீன்காரம்மாக்களுக்கு நடுவே கொண்டு வந்தேன். தண்ணீர் தெளிந்த பிறகு மீன் வந்தது: ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். "எலேய், ரெண்டும் யூனிஃபார்ம் போட்டிருக்குல்லா!" என்றாள் தங்கை.

ஒரு நாள் சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்தேன். மீன் இரண்டும் ஓரமாக ஒதுங்கி, ஆடாமல் நின்றன. குனிந்து டிரம்மைப் பார்த்தேன். விளிம்பு வரைக்கும் தண்ணீர்.

"எம்மா! இதுல யாரும்மா தண்ணி ஊத்துனது?"

"நாந்தான். விடியக்காலம் தண்ணி வந்துச்சு, எல்லாத்தயும் பிடிச்சேன். இது மட்டும் பாதி காலியா கெடந்துச்சு. குழாய்ல தண்ணி வார நேரம் எவளாவது டிரம்ம அப்படி விட்டு வைப்பாளால?"

"கடல் தண்ணிம்மா அது!"

"தெரியும்ல. நாள் பூரா உப்புலயே கெடக்குதுவளே, பாவம், கொஞ்சம் நல்ல தண்ணியும் குடிக்கட்டுமேன்னுதான்."

சம்ப் எதற்குப் பாதி காலியாக இருக்க வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொல்ல வாயைத் திறந்தேன். கீழே மிஷின் சத்தம் சட்டென்று நின்றது. விளக்கு அணைந்தது. மோட்டார் நின்றது.

டிரம் வழிய ஆரம்பித்தது.

"மாமா! தோலை எடுங்க!" என்று கத்திக்கொண்டே மோட்டார்க் குழாயை மேல் தொட்டியிலிருந்து பிடுங்கினேன். அதன் வழியாக வருவது நின்றது. ஓரத்துக் குழாய் இறக்கிக்கொண்டே இருந்தது. அதற்குள் அம்மா உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் என்றால் அவள் கை யோசிக்காது. செம்பால் மொண்டு தவலையில், தவலை நிறைந்ததும் இட்லிக் கொப்பரையில். தங்கை ஈரச்சேலையைத் தரையில் அணையாகப் போட்டாள். குக்கர் நிறைந்தது. எவர்சில்வர் தூக்கு நிறைந்தது. என் டிபன் டப்பாகூட.

ஃபியூஸ் போட்டு விளக்கு வந்ததும் மாமா தோலைக் கையில் தூக்கிப் பிடித்தபடி படியேறி வந்தார். சேலையைப் பார்த்தார், வரிசையாக நிற்கிற பாத்திரங்களைப் பார்த்தார்.

"என்ன மருமவனே, விருந்தா?"

"கீழ விழுந்துச்சா மாமா?"

அவர் தோலைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார். "எங்க விழுந்துச்சு? காஞ்சுதான் கெடக்கு." பிறகு தொட்டிக்கு முன்னால் குத்தவைத்து, மீன்களைப் பார்த்து, "இந்தக் கலர்ல தோல் கெடைச்சா லேடீஸ் பை அடிச்சுத் தள்ளிரலாம்," என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"மீன் இருக்கட்டும். அந்த டிரம்ம எனக்குக் குடுத்துரு. நல்ல டிரம்ம, பாதியா போட்டு வச்சிருக்க."

கொடுத்தேன். கேனில் மிச்சமிருந்த கடல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஊற்ற, மீன்கள் மெல்லத் தேறி இரை எடுத்தன. மாட்டுங்காவில் ஒரு கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்து சம்ப் பெட்டி செய்து வாங்கினேன். பத்திரிகையில் சொன்ன காரணங்களுக்காக அல்ல; எங்கள் வீட்டில் எவருக்கும் அது தண்ணீர் பிடிக்கிற பாத்திரமாகத் தெரியாது என்பதற்காக.

நீல டிரம் இப்போது அடுப்படியில், தினமும் விளிம்பு வரைக்கும் நிறைந்து நிற்கிறது. குடிக்கிற தண்ணீரில் லேசாக ரோஜா வாசம். விடியற்காலை எல்லாம் பிடித்து முடித்த பிறகும் ரப்பர் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தால், அம்மா அதைக் கையில் பிடித்தபடி கண்ணாடிப் பெட்டியின் காலிப் பாதியையே கொஞ்ச நேரம் பார்ப்பாள். நான் பாயில் படுத்தபடியே சொல்வேன்: "எம்மா."

"பாக்கத்தாம்ல செய்யுதேன்," என்பாள்.