ஜெகதாப்பட்டினத்தில் ஒரு பத்தடி கார்வெட்

போன மாதம் இந்த வலைப்பூவில் நம் கடற்படையின் கமோர்ட்டா வகைப் போர்க்கப்பல்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்குக் கீழே ஒரு பெண் இப்படிப் பின்னூட்டம் போட்டிருந்தாள்: "அக்கா, நான் அதையே செஞ்சுக்கிட்டிருக்கேன். பத்தடி நீளம். ஜெகதாப்பட்டினம் வாரீங்களா?" போர்க்கப்பல் என்றால் சோறு தண்ணி மறக்கிற ஆள் நான். விடுவேனா? மே மாதக் கடைசிச் சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

திருக்கோகர்ணத்தில் காலை 5.40க்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ஆண் வாசகர்கள் வயிறு எரியலாம். புதுக்கோட்டை பேருந்து நிலையத்திலிருந்து அறந்தாங்கிக்கு 35 ரூபாய், அங்கிருந்து ஜெகதாப்பட்டினத்துக்கு 38 ரூபாய். மொத்தம் எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அறந்தாங்கியில் இறங்கி இட்லி சாப்பிட்டுக்கொள்ளுங்கள், பிறகு வழியில் ஒன்றும் தேறாது.

துறைமுகம் வரை ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.

"தடைக்காலம்ங்க. மீனு கெடைக்காதே," என்றார் ஓட்டுநர்.

"மீனுக்கு வரலைங்க. போர்க்கப்பல் பாக்க வந்தேன்."

அவர் சட்டென்று பிரேக் போட்டார். "போர்க்கப்பலா? எங்கிட்டு நிக்கிது?"

மாதிரிக் கப்பல்தான் என்று விளக்கினேன். "சாம்பல் கலருல எது வந்தாலும் இங்கிட்டு வலையச் சுருட்டிருவாங்க. நம்ம ஆளுகளப் புடிச்சிட்டுப் போற இலங்கை நேவியும் அந்தக் கலருதான்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். ஆனால் என்னை இறக்கிவிட்டுப் போகாமல் அவரும் பார்க்க வந்துவிட்டார்.

தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே அவள்! பின்னூட்டம் போட்ட ரிஸ்வானாவைச் சொல்லவில்லை, கப்பலைச் சொல்கிறேன். கூர்மூக்கு, உள்நோக்கிச் சாய்ந்த சுவர்கள், பின்பக்கம் ஹெலிகாப்டர் இறங்கும் தளம். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தியும்விட்டேன்.

ரிஸ்வானா கடைசி ஆண்டு பொறியியல் மாணவி. கல்லூரியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் பதினோரு மணிக்கு வருகிறார்கள். அவர்கள் முன்னால் கப்பல் தண்ணீரில் ஒரு சுற்றுப் போய் வந்தால் தேசியப் போட்டிக்கு அனுப்புவார்கள், இல்லையென்றால் வேறு குழுவுக்கு அந்த இடம். "இன்னைக்கி விட்டா எனக்கு அடுத்த வருசம்னு ஒண்ணு இல்லக்கா," என்றாள். உடம்புப் பகுதியை வார்த்துக் கொடுத்தவர் அவளுடைய தாய்மாமா சிக்கந்தர். விசைப்படகுக்காரர், ஃபைபர் வேலையும் செய்கிறவர்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்வெட் என்பது போர்க்கப்பல்களில் சின்ன வகை. கமோர்ட்டாவின் நீளம் 109 மீட்டர், வேலை நீர்மூழ்கி வேட்டை. முன்னால் 76 மில்லிமீட்டர் பீரங்கி. அதன் பின்னால் பன்னிரண்டு குழாய் கொண்ட ராக்கெட் ஏவிகள் இரண்டு, இவை தண்ணீருக்கடியில் போய் வெடிக்கிற குண்டுகளை வீசும். டார்பிடோக் குழாய்கள் உண்டு. பாய்ந்து வரும் ஏவுகணையைக் கடைசி நொடியில் சுட, ஆறு குழல் சுழல் துப்பாக்கிகள் இரண்டு. சுவர்கள் சாய்ந்திருப்பது அழகுக்கு இல்லை, எதிரி ரேடார் அலை திரும்பிப் போகாமல் சிதறத்தான். என் மனக்குறை ஒன்றுதான்: வான்தாக்குதலைத் தடுக்க ஏவுகணை வைக்கவில்லை. இதைச் சொன்னதும் ரிஸ்வானா "அதே கோவம்தான்க்கா எனக்கும்!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இம்புட்டுத் துப்பாக்கியும் எங்க படகச் சுடவா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

"இல்லண்ணே, இது ஆழத்துல ஒளியிற நீர்மூழ்கிய தேடுறது. நம்ம கடலுல அதுக்கு ஆழமே பத்தாது," என்றாள்.

ஒன்பதரைக்குத் தண்ணீரில் இறக்கினோம். ஆயுதங்களை அன்று காலையில்தான் ஒட்டியிருந்தார்கள். கையை எடுத்ததும் கப்பல் வலப்பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது. ரிஸ்வானாவின் முகம் வெளுத்துவிட்டது.

தவறு எங்கே என்று பிறகு புரிந்தது. படகை நிமிர்த்தி வைக்கும் அடிப்பாரத்தை விசைப்படகில் கொட்டகையிலேயே யாரும் வைப்பதில்லை. கடலுக்குப் போகிற அன்று டீசலும் ஐஸும் ஏறும், படகு தானாக நிமிரும். மாமா பழக்கதோஷத்தில் இந்தக் கப்பலையும் அடியில் காலி ஐஸ் அறையோடு வார்த்துவிட்டார். போதாக்குறைக்கு, அலை அடித்தால் உடையக் கூடாது என்று மேல்கட்டுமானத்தைத் தடிதடியாகப் போட்டிருந்தார். நிஜக் கமோர்ட்டா வகையின் கடைசி இரண்டு கப்பல்களில் மேல்பாரத்தைக் குறைக்கத்தான் கார்பன் இழையில் மேல்கட்டு அமைத்தார்கள். இங்கே நேர் எதிர்!

"ஐஸ் ஏத்தாம எந்தப் படகு நேரா நின்னுருக்கு?" என்று சொல்லிக்கொண்டே போன மாமா, ஒரு கூடை உடைத்த ஐஸோடு வந்து உள்ளே கொட்டினார். நிமிர்ந்துவிட்டது! எல்லோரும் கை தட்டினோம். மோட்டாரைப் போட்டு ஒரு திருப்பம் திருப்பியதும், உருகிய தண்ணீர் ஒரு பக்கமாக ஓட, கப்பலும் கூடவே போய்ப் பீரங்கியை உப்புத் தண்ணீரில் முக்கியது. ரிஸ்வானா இடுப்பளவு தண்ணீரில் குதித்து அதைப் பிடித்தாள்.

"ஐஸ் சரிவராது மாமா. ஓடாத பாரம் வேணும், அடியிலயே ஒட்டிக் கெடக்கணும். ஈயம் மாதிரி."

மணி பத்து. ஈயத்துக்கு எங்கே போக? மாமா தன் படகில் ஏறினார். தடை முடிந்து கடலுக்குப் போக, அவர் தடைக்காலம் முழுக்க உட்கார்ந்து பின்னிய வலை அங்கே கிடந்தது. அதன் அடிக்கயிற்றில் பழைய ஈயக்குண்டுகள். கத்தியை எடுத்தார்.

"ஐயோ, வலைய அறுக்காதீங்க மாமா!"

"வலைக்கி நாளு இருக்கு புள்ள. ஒங்க சாருமாரு இன்னைக்கித்தான வாராக."

ஆட்டோக்காரர் உட்பட நாலு பேரும் உட்கார்ந்து ஈயத்தைக் கப்பலின் அடியில் ஓடும் நடு எலும்போடு நீளவாக்கில் வரிசையாகக் கட்டினோம், அது நகராமலிருக்கத் தெர்மோகோலை இடையில் திணித்தோம். என் விரலெல்லாம் கறுத்துப்போனது. வாழ்நாளில் இப்படி ஒரு சந்தோஷமான அழுக்கு என் மேல் பட்டதில்லை.

பேராசிரியர்கள் வந்தார்கள். கப்பல் நேராகப் போனது. "முழு வேகத்துல வெட்டித் திருப்பும்மா," என்றார் ஒருவர். ரிஸ்வானா என்னைப் பார்த்தாள், ரிமோட்டைத் திருப்பினாள். கப்பல் சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, எனக்கு மூச்சே நின்றது. பிறகு நிமிர்ந்தது! தலையை ஆட்டிவிட்டு நேரே எங்களைப் பார்த்து வந்தது. கரையில் கூடிவிட்ட கூட்டத்தில் முதலில் விசிலடித்தது ஆட்டோக்காரர். "அனுப்புறோம்மா," என்றார் பேராசிரியர். அவள் அழுதாள், நானும்தான்.

கொஞ்சம் ஆசுவாசமானதும் அவள் ஈயத்தை அவிழ்க்கப் போனாள். மாமா கையைத் தட்டிவிட்டார். "அது அங்கினயே கெடக்கட்டும். போட்டியில மட்டும் சாஞ்சு நிக்கவா?"

போக நினைப்பவர்களுக்கு: தடைக்காலத்தில் போனால் மீன் ஏலம் இருக்காது, ஆனால் படகு கட்டுவதை நிதானமாகப் பார்க்கலாம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். கேட்காமல் யார் படகையும் படம் எடுக்காதீர்கள். ஜூன் பாதிக்குப் பிறகு போகிறவர்கள் சிக்கந்தர் மாமாவின் வலையைப் பாருங்கள். அடிக்கயிற்றில் ஒரு பக்கம் மட்டும் புது ஈயம் பளபளக்கும். பழையது எங்கே என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அவர் அதைச் சொல்லத்தான் காத்துக்கொண்டிருப்பார்.