நெஞ்சில் மட்டும் சுடாதீங்க

அடிபட்ட மானைத் துரத்துவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். வளைகுடாவில் விசா அடித்துவிட்டால் எல்லாமே வேலைதான்.

துபாய் சோனாப்பூர் லேபர் கேம்பில் கிடந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தொண்ணூறுகளின் நடுவில் ராஸ் அல் கைமா கல் குவாரியில் தூசி தின்றுகொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டில் இருபத்திரண்டு வயசு, மீசையில் பதினெட்டு. எங்கள் கஃபீலுக்கு, அதாவது விசா கொடுத்த அரபி முதலாளிக்கு, மலையடிவாரத்தில் வேலி போட்ட பண்ணை. உள்ளே வளர்ப்பு மான்கள். சுட வருகிறவர்கள் வெள்ளைக்கார விருந்தாளிகள், கறி போவது கஃபீல் வீட்டுக்கு. அவர்கள் சுட்டுச் செத்தது அந்த வீட்டில் ஆகாது. உயிர் இருக்கும்போதே முஸ்லிம் ஒருத்தன் ஓடிப்போய் பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டும். அந்த ஒருத்தன் நான். செத்த மானோடு வந்தால் திரும்பவும் குவாரிதான் என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

தையல்காரர் அளவு

எங்கே சுடுவது என்று ஒரு விருந்தாளி தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டார். மேனேஜர் அவர் கையைப் பிடித்து, பேன்ட் அளவெடுக்கிற தையல்காரர் மாதிரி வயிற்றுக்கு இறக்கினார். "நெஞ்சு மாஃபி." மாஃபி என்றால் இல்லை, கிடையாது. வயிற்றில் பட்ட மான் சட்டென்று சாகாதே.

ரூமில் இதை அப்படியே நடித்துக் காட்டினேன். கீழக்கரைக்காரர், சமையல்கார அப்பாஸ் காக்கா, குலுங்கிச் சிரித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். "சிரிச்சுட்டேனே, அல்லாஹ் மன்னிக்கணும். வேதனை குடுக்காதேன்னுதாண்டா மார்க்கம் சொல்லுது, இது மேனேஜர் சட்டம்."

டீ நேரம்

ரத்தத்தில் நுரை இருந்தால் நுரையீரல், ஓடு. கல்லில் பச்சையாகத் தழை நாற்றம் அடித்தால் வயிறு, ஓடாதே. விட்டுவிட்டால் மான் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும், துரத்தினால் மலையேறிவிடும். ஆனால் டிரைவர் கான் பாய்க்கு மேனேஜர் உத்தரவு: ஜல்தி, சீக்கிரம். ஒருநாள் பச்சை ரத்தம் பார்த்ததும், ஜீப்பின் பின்னால் குனிந்துகொண்டு மேனேஜர் குரலில் கத்தினேன்: "கலாஸ், ருகோ, சாய் பியோ!" போதும், நிறுத்து, டீ குடி. கான் பாய் பிரேக் அடித்தார். பிளாஸ்க் டீ முடிவதற்குள் மான் ஒரு கருவேல மரத்தடியில் படுத்துவிட்டது. எல்லாம் தெரிந்தபிறகு அவர் சொன்னது: "தேக் பாய், உன் மேனேஜர் அசல் மேனேஜரைவிட நல்லவர்."

குட்டிக் குரல்

ஒரு பெண்மான். பாறையில் ரத்தத் தடம் அற்றுப்போனது. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்று குவாரி, குவாரி என்று முனகினார். ரூமில் எல்லாரையும் சிரிக்கவைத்த குரல் ஒன்று என்னிடம் இருந்தது. தாயைத் தேடும் குட்டியின் குரல். அதைப் போட்டேன்.

முட்புதர் அசைந்தது. மூன்று காலில் எழுந்து, என்னைப் பார்த்துத்தான் வந்தது. என் கையில் கத்தி.

மேனேஜர் கைதட்டினார். "ஷாபாஷ், இனிமே எல்லாத்துக்கும் இதே குரல் போடு."

நல்ல சூடு

கடைசியாக வந்தவர் அதிகம் பேசாத கிழவர். மேனேஜரின் வயிற்றுப் பாடத்தை அவர் காதில் வாங்கவில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் ஒரே வெடி. மான் நின்ற இடத்திலேயே மடிந்தது. ஓடிப்போய்க் கண்ணைத் தொட்டேன். இமைக்கவில்லை.

"ஹய்? ஹய்?" உயிர் இருக்கிறதா என்று தூரத்திலிருந்து மேனேஜர் கத்தினார். மான் குரலில் ஒரு முனகல் போதும், என் வேலை தப்பித்துவிடும். கஃபீல் வீட்டுப் பிள்ளைகளின் தட்டு ஞாபகம் வந்தது. "மாஃபி" என்றேன், என் சொந்தக் குரலில். மேனேஜர் குவாரிப் பக்கம் விரலை நீட்டினார்.

கிழவர் வந்து என் தோளைத் தட்டினார். "டோண்ட் வொரி, சன், அதுக்கு வலிச்சே இருக்காது."

அந்தப் பண்ணையில் வலிக்காமல் செத்த மான் அது ஒன்றுதான், என் வேலை போனதும் அதனால்தான்.