நோகும் காலுக்கு அரை வரி

மருத்துவமனையின் நடைப்பயிற்சி அறையில் அவளுக்குப் 'பாட்டக்கா' என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. அப்படிக் கூப்பிட்டால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வாள். வேலை, உதவியாளர் வேலைதான். இடுப்பிலும் முழங்காலிலும் அறுவை செய்துகொண்டவர்களை இரண்டு கம்பிகளுக்கு நடுவே பிடித்து நடத்த வேண்டும். பயத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டால், அந்த ஆளுக்கென்று ஒரு பாட்டுக் கட்டுவாள்.

"என் தொண்டை கரகரன்னு இருக்கும். ராகத்தை நம்ப முடியாது. எழுத்துதான் வேலை செய்யணும்" என்பாள்.

வேன் ஓட்டும் கணவருக்கு இதில் ஒரே கிண்டல். "என் வண்டிக்கும் ஒண்ணு கட்டேன். காலையில கிளம்பவே மாட்டேங்குது."

"உங்க வண்டிக்குப் பாட்டு பத்தாது, ஒப்பாரிதான் வைக்கணும்."

இடுப்பெலும்பு முறிந்து தையல்காரம்மா வந்து சேர்ந்தபோதுதான் அவளுக்கு உண்மையான சோதனை வந்தது. அவருடைய வீடு மூன்றாவது மாடியில், லிப்ட் இல்லாத கட்டடத்தில். தனியாக இருந்து தைத்துச் சாப்பிடுகிறவர். "அம்மாவால படி ஏற முடியலைன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு என்கூட வந்துடட்டும்" என்று மகன் சொல்லிவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

"அவன் வீட்டு சோஃபாவுல என்னை ஷோகேஸ் பொம்மையா உக்கார வச்சிடுவான்மா. என்னை எப்படியாவது ஏத்தி விட்டுடு" என்றார் தையல்காரம்மா.

பாட்டக்கா தன் கைவசமிருந்த சிறந்த சரக்கை எடுத்தாள்:

தட்டு தட்டு தரையைத் தட்டு
வெட்டு வெட்டு பயத்தை வெட்டு

'ட்டு', 'ட்டு' என்று அடிக்கும் வல்லினம். முன்பொரு முறை முரட்டு லாரி டிரைவர் ஒருவரை இது எழுப்பி நடக்க வைத்திருந்தது. தையல்காரம்மாவின் கால்களோ ஒன்றையொன்று முந்தப் பார்த்தன, கைத்தடி பின்தங்கியது. பாட்டக்கா இடுப்பைச் சுற்றிப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார்.

"என்னடி இது, போலீஸ் துரத்துற மாதிரி இருக்கு!"

மறுநாள் 'ட்டு'வையெல்லாம் துரத்திவிட்டு, 'ல்ல'வில் இழைத்துக்கொண்டு வந்தாள்:

மெல்ல வா என் காலே, மெல்ல வா
அல்லலெல்லாம் நேற்றோடே, மெல்ல வா

தையல்காரம்மா அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அலுங்காமல் நடந்தார். ஆனால் பயிற்சிப் படிக்கட்டின் முன்னால் கால் எழவில்லை.

"இதைச் சொன்னா அப்படியே சாஞ்சு தூங்கலாம்போல இருக்கு. ஏறணும்னு தோணலையே."

நியாயம்தான். பாட்டக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. அன்று மாலை கணவரின் வேனில் வீடு திரும்பும்போது முன்பலகையில் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். படியில் நல்ல கால்தான் முதலில் போகும். அதற்கு அதட்டல் வேண்டும். நோகும் கால் தடியோடு பின்னால் வரும். அதற்கு அவகாசம் வேண்டும். இரண்டு காலுக்கும் ஒரே குணத்தில் பாட்டெழுதியதுதான் தப்பு.

"வரியை நடுவுல உடைச்சுடணுங்க!"

"தாராளமா உடை. என் வண்டியை விட்டுடு."

காலையில் பாட்டு தயாராக இருந்தது:

வெட்டித் தைத்த கை இது... மேலே வா, காலே
கட்டிக் காத்த வீடிது... மேலே வா, காலே

'வெட்டி'யிலும் 'கட்டி'யிலும் நல்ல கால் துள்ளி ஏறியது. இடையிலிருந்த மௌனத்தில் தடி ஊன்றியது. 'மேலே வா, காலே' நெடிலாக நீண்டது. எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், வலி அதற்குள் அடங்கிவிடும். பயிற்சிப் படிகள் முடிந்ததும் தையல்காரம்மா திரும்பிப் பார்த்து, "அளவெடுத்துத் தச்சிருக்க" என்றார். அவர் வாயிலிருந்து அது சாதாரணப் பாராட்டு இல்லை.

டிஸ்சார்ஜ் ஆன அன்று பாட்டக்கா அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனாள். முடியாவிட்டால் உட்கார வைத்துத் தூக்கிக்கொள்ளலாம் என்று மகன் ஒரு நாற்காலியோடு பின்னால் வந்தான். பாட்டைச் சொல்லிக்கொண்டே ஏறிவந்த தையல்காரம்மா இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. மகன் நாற்காலியைக் கீழே வைத்தான்.

"அம்மா, போதும்மா."

விழுந்தால் பிடிக்கப் பாட்டக்கா கையை நீட்டி வைத்தாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வரியின் நடுவில் விட்ட இடம் ஏறுகிறவருடையது. அங்கே மற்றவருக்கு வேலையில்லை.

"கட்டிக் காத்த வீடிது" என்றார் தையல்காரம்மா, யாரையோ திட்டுவதுபோல. நல்ல கால் ஏறியது. பின்னாலிருந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டே, தன்னையறியாமல் மகன் இழுத்துச் சொன்னான்: "மேலே வா... காலே..."

கதவைத் திறந்ததும் தையல்காரம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "நாற்காலியை மெஷினுக்கு முன்னாடி போடுடா. பழசு ஆடுது" என்றார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெண் வெளியே வந்து பாட்டக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க நர்ஸா?"

"இல்லைங்க" என்றாள் பாட்டக்கா. "இப்ப ஒரு பாட்டு கேட்டுச்சே, அதை எழுதினது நான்."